குடும்பக் காரும் கடை மூட்டையும்: நடுத்தரக் கார் வைத்திருக்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

சங்கக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வந்து இறங்கும் வண்டிகளைப் பார்த்தாலே நம் தொழில் எப்படி மாறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். முதலில் சைக்கிள் இருந்தது. பிறகு மொபெட் வந்தது. இன்று பலர் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அதிலும் பின்னால் டிக்கி நீண்ட, ஐந்து பேர் தாராளமாக உட்காரும் நடுத்தரக் கார்கள், அதாவது செடான்கள் மீது நம்மவர்களுக்குத் தனிப் பிரியம். குடும்பத்தோடு திருத்தணி போய் வரலாம், கல்யாணத்துக்குப் போனால் மதிப்பாக இருக்கும், அவசரத்துக்கு டிக்கியில் நாலு மூட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு.

இந்தக் கடைசிக் கணக்கில்தான் பிழை இருக்கிறது. நடுத்தரக் காரில் வரும் கோளாறுகள் என்னென்ன, அவை ஏன் வருகின்றன, எதை உடனே பார்க்க வேண்டும், எது பொறுக்கும் என்பதை மளிகைக்காரர் கண்ணோட்டத்திலேயே இங்கே பார்ப்போம்.

நம் மாவட்டத்தில் பிறந்த கார்

இந்த ரகக் கார்களுக்கும் திருவள்ளூருக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்து 1998-ல் லான்சர் காரைத் திருவள்ளூர் தொழிற்சாலையில் தயாரித்து வெளியிட்டது. 1.5 லிட்டர் பெட்ரோல், 2 லிட்டர் டீசல் என்று இரண்டு வகையில் அது வந்தது. 2006-ல் அதே ஆலையிலிருந்து செடியா என்ற கார் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், 1999-ல், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்டும், மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் வந்தன. ஆக, சென்னையைச் சுற்றியே மூன்று செடான்கள் பிறந்தன. அவற்றில் சில இன்னும் நம்மவர்கள் கையில் ஓடுகின்றன.

லான்சர் தாழ்ந்து ஓடும் வண்டி. பின் சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பல கைகள் கொண்ட சஸ்பென்ஷன். அதனால் நெடுஞ்சாலையில் அதன் பிடிமானத்தைப் புகழாதவர் குறைவு. ஆனால் கைகள் பல என்றால் அவற்றின் மூட்டுகளில் ரப்பர் புஷ்களும் பல. வண்டி தாழ்வு என்றால் வேகத்தடையில் அடி தட்டும். சுகமும் சங்கடமும் ஒரே அமைப்பிலிருந்துதான் வருகின்றன. இது லான்சருக்கு மட்டுமல்ல. எல்லாச் செடான்களுக்கும் ஏதோ ஓர் அளவில் பொருந்தும். மனிதர்களைச் சொகுசாகக் கொண்டுபோகச் செய்த வண்டியைக் கொள்முதல் வண்டியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

டிக்கியில் எவ்வளவு போடலாம்?

முதலில் எடைக் கணக்கைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த கணக்குத்தான்.

நடுத்தரக் கார் ஒன்று தாங்கக்கூடிய மொத்தச் சுமை, ஆட்களையும் சேர்த்து, சுமார் 400 முதல் 450 கிலோ. ஐந்து பேர் உட்கார்ந்து கொஞ்சம் துணிப்பெட்டி வைத்தாலே அந்த அளவு வந்துவிடும். 2022 ஜூலையில் வரி மாறிய பிறகு அரிசி 26 கிலோ மூட்டையாகவும் வரத் தொடங்கியது நமக்குத் தெரியும். செங்குன்றத்தில் அப்படிப் பத்து மூட்டை ஏற்றினால் 260 கிலோ. நான்கு எண்ணெய் டின் 60 கிலோ. முதலாளியும் மகனும் முன்னால் உட்கார்ந்தால் 140 கிலோ. மொத்தம் 460. "பின் சீட் காலியாகத்தானே இருக்கிறது" என்று நினைக்கும்போதே வண்டி அளவைத் தாண்டிவிட்டது.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். ஆட்கள் உட்காரும்போது எடை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் விழுகிறது. டிக்கி மூட்டையோ பின் அச்சுக்கும் பின்னால் விழுகிறது. தராசின் ஒரு தட்டை அழுத்தினால் மறு தட்டு தூக்குவதுபோல, வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்கிறது. பெரும்பாலான செடான்களில் இழுப்பதும், திரும்புவதும், பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்வதும் முன் சக்கரங்கள்தான். அவை இலேசாகிவிட்டால் ஸ்டீயரிங் லேசாக ஆடும். மழையில் பிடி வழுக்கும். முன் விளக்கின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பல கார்களில் விளக்கைத் தாழ்த்த ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு திருகு இருக்கும். அது என்ன என்று கேட்காமலேயே வண்டியை விற்றவர்களும் உண்டு.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் டயருக்குக் காற்று எவ்வளவு என்று, சாதாரணச் சுமைக்கு ஒன்றும் முழுச் சுமைக்கு ஒன்றும் எழுதியிருக்கும். குடும்பத்தோடு வெளியூர் போகிற நாளில் இரண்டாவது அளவைப் பிடிக்க வேண்டும்.

கொதிக்கும் என்ஜின்

நம் பகுதியில் நடுத்தரக் கார்களைப் படுக்க வைக்கும் கோளாறுகளில் முதலிடம் சூட்டுக்குத்தான். காரணங்கள் நம் வழியிலேயே இருக்கின்றன. கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை, காரனோடை, சோழவரம், செங்குன்றம் வழியாகச் சென்னை போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டும். வெளியே சித்திரை வெயில், உள்ளே ஏ.சி. ஓடுகிறபோது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்று ஊரும்போது எல்லா வேலையும் மின்விசிறியின் தலையில் விழும். ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் அதன் சூடும் ரேடியேட்டருக்கே போகிறது. உருக்காலைத் தூசியும், அரிசி ஆலை உமித் தூசியும், பூச்சிகளும் இவை இரண்டுக்கும் இடையில் போய் அடைத்துக்கொண்டால் காற்று நுழைய வழியே இல்லை. ஆண்டுக்கொரு முறை அந்த இடுக்கை மிதமான தண்ணீர் வேகத்தில் கழுவச் சொல்லுங்கள். அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். மீஞ்சூர், பொன்னேரி சுற்றுவட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறி உப்பாகிவிட்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற வெள்ளைப் படிவம் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். துருவும் பிடிக்கும். கூலண்ட் என்பது கலர்த் தண்ணீர் அல்ல. அது கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. காய்ச்சி வடித்த நீரோடு சரியான அளவில் கலந்து ஊற்றி, வண்டியின் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம். "நம்மூர் வெயிலுக்கு இது எதற்கு, எடுத்துவிட்டால் சூடே ஏறாது" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது தவறு. என்ஜின் சரியான சூட்டுக்கு வரவும், அங்கேயே நிற்கவும்தான் தெர்மோஸ்டாட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் என்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். உண்மையான நோய் ரேடியேட்டர் அடைப்பாகவோ, ஓடாத விசிறியாகவோ, பழுதான வாட்டர் பம்ப்பாகவோ இருக்கும். அது மறைந்துகொள்ளும்.

சூட்டு முள் சிவப்பை நெருங்கினால் செய்ய வேண்டியது இதுதான். ஏ.சி.யை நிறுத்துங்கள். வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். மூடி இறுக்கமாக இருப்பதால்தான் உள்ளே உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த உடனே அழுத்தம் விட்டுப்போய் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். "இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே, போய்விடலாம்" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கட் போகும். சைலன்ஸரில் நிற்காத வெண்புகை, பால்காபி நிறத்தில் என்ஜின் ஆயில் ஆகியவை அதற்கு அடையாளம்.

இது என் சொந்த அனுபவமும்கூட. காரனோடைப் பாலம் தாண்டியதும் முள் ஏறியதைப் பார்த்தேன். கடையில் சரக்கு இறக்க ஆள் காத்திருக்கிறானே என்று நிற்காமல் ஓட்டினேன். பழுதாகியிருந்தது ஒரு ரப்பர் ஹோஸ். அன்று நின்று பார்த்திருந்தால் ஒரு நாள் டீச் செலவில் முடிந்திருக்கும். கடைசியில் என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க மூன்று வாரம் வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றது. அந்த மாதம் கடையில் மிஞ்சிய லாபம் அதற்கே போனது.

கண்ணுக்குத் தெரியாத பெல்ட்

என்ஜினில் இரண்டு வகைப் பெல்ட் உண்டு. வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட் தேய்ந்தால் 'கிறீச்' என்று கத்தும். மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் கத்தாது. ஒரே அடியாக அறுந்துவிடும். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை பிஸ்டனோடு இணைத்து நடத்துவது அதுதான். அது அறுந்தால் பல என்ஜின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை மோதி வளைத்துவிடும். லான்சரின் பெட்ரோல், டீசல் இரண்டு என்ஜினிலும் இந்த ரப்பர் பெல்ட்தான். இன்று பல புதிய என்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருக்கிறது. உங்கள் வண்டியில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெல்ட் என்றால் கிலோமீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது. கடைக்காரர் கார் ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாமல் இருக்கலாம். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என்று இரண்டும் போட்டிருந்தால் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. பழைய வண்டி வாங்கும்போது பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்பையும் அதே நேரத்தில் பார்த்துவிடுவது நல்லது. பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே பிரிப்பு வேலைதான்.

கீழே கேட்கும் சத்தங்கள்

சஸ்பென்ஷன் கோளாறுகளைக் காதாலேயே ஓரளவு பிரித்தறியலாம். சின்னச் சின்னப் பள்ளத்தில் 'டொக் டொக்' என்றால் லிங்க் ராடு அல்லது புஷ். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நகரும்போது 'கட கட' என்றால் முன் சக்கர டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்திருக்கும். உறை கிழிந்தவுடன் மாற்றினால் சில்லறை வேலை. விட்டால் ஷாஃப்ட்டே மாற்ற வேண்டும். வேகம் கூடக் கூட 'ஊ...' என்று வளரும் முனகல் சக்கர பேரிங். வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை குதித்துக்கொண்டே போனால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது.

பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறதா என்று காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மூட்டை சுமந்த காரில் பின் ஸ்பிரிங் படிந்திருக்கும். சிலர் அதற்குள் ரப்பர் கட்டைகளைச் செருகி உயர்த்துவார்கள். உயரம் கிடைக்கும்; ஆனால் ஸ்பிரிங் இயல்பாக அசைய முடியாமல் அதிர்ச்சி நேராக உடம்புக்கும் பாடிக்கும் போகும்.

பிரேக், டயர், கிளட்ச், பேட்டரி

பிரேக் பிடிக்கும்போது உலோகத்தை உரசுகிற சத்தம் கேட்டால் பேட் முடிந்து தகடு டிஸ்க்கை அரைக்கிறது என்று பொருள். அன்றைக்கே பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த ஆயில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது சூடேறி ஆவிக் குமிழ் கட்டும். மிதி பஞ்சுபோல் இறங்கும். இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான வழக்கம். மலையில்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்க வேண்டாம். சுமையோடு நெரிசலில் போவதும் பிரேக்குக்கு மலை இறக்கம்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பழைய டயரை நம்பக் கூடாது. ரப்பர் வெடித்திருந்தால் அது பழைய சரக்குத்தான். ஸ்டெப்னியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே ஊர்வது நெரிசல் சாலையில் தொற்றும் பழக்கம். கருகிய வாடை, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் என்ஜின் சத்தம் மட்டும் கூடி வண்டி நகராமல் இருப்பது, இவை கிளட்ச் பிளேட் முடிந்ததற்கு அறிகுறி. நிற்கும்போது நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர், கடையிலிருந்து பாங்குக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓடும் காரில் பேட்டரி தேறவே தேறாது. செல்ஃப் எடுக்கும்போது செலவான மின்சாரம் திரும்ப நிரம்புவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பேட்டரிக்கும் நல்லது, என்ஜின் ஆயிலுக்கும் நல்லது. தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் இங்கும் காய்ச்சி வடித்த நீர்தான்.

சுகம் குறைந்தால்

ஏ.சி. குளிரவில்லை என்றால் நம்மவர்கள் உடனே "கேஸ் ஏத்து" என்பார்கள். ஏ.சி. கேஸ் பெட்ரோல்போல் செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கேஸைப் பார்ப்பதற்கு முன் இரண்டு எளிய இடங்களைப் பாருங்கள். ஒன்று, முன்னே சொன்ன கண்டென்சர் தூசி. மற்றொன்று, டாஷ்போர்டுக்குள் இருக்கும் காற்று வடிகட்டி. மாவும் மிளகாய்த் தூளும் புழங்கும் வண்டியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ஏ.சி. போட்டதும் ஈரத்துணி வாடை வந்தால் உள்ளே குளிரும் பெட்டியில் பூஞ்சை பிடித்திருக்கிறது. வீடு சேர இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை நிறுத்தி, காற்றை மட்டும் ஓடவிட்டால் அந்த ஈரம் காயும். முன் சீட் மிதியடியின் கீழ் ஈரம் சேர்ந்தால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் சிறு குழாய் அடைத்திருக்கலாம். பெருங்காய வாடைக்கு மட்டும் வாசனை டப்பா மருந்தாகாது. டிக்கியிலிருந்து சரக்கை எடுப்பதுதான் மருந்து.

நின்றபடி ஏ.சி. ஓடும்போது வண்டி முழுதும் நடுங்கினால் என்ஜின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸிங். நேர்ச் சாலையில் கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், காற்றளவைப் பார்த்தபின் வீல் அலைன்மென்ட்.

இடுப்பு வலி நம் தொழிலோடு பிறந்தது. நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு, தாழ்வான செடான் சீட்டில் மேலும் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். சாய்மானத்தை மிகவும் பின்னுக்குத் தள்ளாமல், முதுகின் அடிப்பகுதி சீட்டோடு படும்படி வையுங்கள். தேவையானால் இடுப்பின் பின்னால் சிறு துண்டைச் சுருட்டி வைக்கலாம். முக்கியமாக, பின் பாக்கெட்டில் இருக்கும் தடித்த பர்ஸை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் உயர்ந்து, கோணலாக உட்காருவதால் வருகிற கால் குடைச்சலுக்குக் காரை மாற்றிப் பயனில்லை.

எலி

மளிகைக்காரர் காருக்கு மற்றவர் காருக்கு இல்லாத ஒரு பகைவன் உண்டு. குடோன் பக்கத்தில் நிறுத்திய வண்டியின் என்ஜின் இரவில் இதமான சூட்டோடு இருக்கும். டிக்கியில் சிந்திய பருப்பும் அரிசியும் சாப்பாடு. எலிக்கு வேறென்ன வேண்டும்? வயரைக் கடித்துவிட்டால் விளக்கு எரியாது, செல்ஃப் எடுக்காது, சில சமயம் ஓடும்போதே என்ஜின் நிற்கும். வாரத்துக்கு இரு முறை பானட்டைத் திறந்து பாருங்கள். சணல் நார், காகிதத் துண்டு இருந்தால் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பெருக்குங்கள். காலிச் சாக்குகளைக் காரில் வைக்காதீர்கள். கடித்த வயரை வெறும் டேப் சுற்றி முறுக்கிவிடும் வேலையை ஏற்காதீர்கள். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடச் சொல்லுங்கள். தளர்ந்த முறுக்கு சூடேறித் தீப்பிடித்தால் கார் மட்டுமா, பக்கத்திலிருக்கும் குடோனும் போகும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் நம் பகுதிக் கார்களுக்குப் பெரும் சேதம் உண்டாக்கின. தண்ணீரில் நின்ற வண்டியை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று செல்ஃப் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று சோதிக்க வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் தண்ணீரில் செல்ஃப் போட்டதால் வந்த என்ஜின் சேதத்தைக் கம்பெனிகள் தனியாகப் பிரித்து மறுப்பதுண்டு. அதற்கென்று என்ஜின் பாதுகாப்புக்குத் தனிக் கூடுதல் பிரீமியம் இருக்கிறது. ஏரிக்கரை, ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் புதுப்பிக்கும்போது கேளுங்கள்.

பாலிசியில் உள்ள சிறு எழுத்து

மூட்டை விஷயத்துக்கு மீண்டும் வருகிறேன். இதுவரை சொன்னது வண்டியின் தேய்மானம். இனிச் சொல்வது கடையையே பாதிக்கக்கூடியது.

உங்கள் காரின் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, பயன்பாட்டுக்கான வரம்புகள் என்ற பகுதியைப் படியுங்கள். தனியார் கார் பாலிசியில், வாடகைக்கு ஓட்டுவது, பந்தயம் ஆகியவற்றோடு, சரக்கு ஏற்றிச் செல்வதும் விலக்கப்பட்டிருக்கும். மாதிரிப் பொருள்களும் சொந்தப் பயண மூட்டை முடிச்சுகளும் மட்டுமே விலக்குக்கு விலக்கு. வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி எடுத்துப் போவது வேறு. கடை பில்லோடு பத்து மூட்டை ஏற்றிப் போவது வேறு. அப்படிப் போகும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு இடம் கொடுத்துவிடுகிறோம். எதிரே அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையைக்கூட உங்களிடம் திரும்பக் கேட்டு வழக்குப் போடும் நிலை வரலாம். குட்டி யானைக்குக் கொடுக்கும் வாடகையை மிச்சப்படுத்தப் போய், கடையையும் வீட்டையும் ஈடு வைக்கும் கணக்கு இது. நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் ஒரு சரக்கு வண்டி பிடித்தால் வாடகை பங்காகிவிடும்.

பழைய செடான் வாங்குவோருக்கு

எஸ்.யூ.வி. மோகத்தில் பழைய செடான்கள் மலிவாகக் கிடைக்கின்றன. விலையைப் பார்ப்பதோடு உதிரிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். திருவள்ளூர் ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் அது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கையைவிட்டுப் போனது. பிறகு சில காலம் இசுசு வண்டிகள் அங்கே உருவாயின. 2021 முதல் சிட்ரன் கார்கள் அங்கிருந்து வருகின்றன. ஆலை நிற்கவில்லை. ஆனால் லான்சருக்கு ஒரு ஹெட்லைட்டோ, பின் சஸ்பென்ஷன் கையோ வேண்டுமென்றால் இன்று தேடி அலைய வேண்டும். மறைமலைநகரிலும் ஃபோர்டு 2022-ல் தயாரிப்பை நிறுத்தியது. வண்டி நம்மூரில் பிறந்தது என்பதால் மட்டும் பாகம் நம்மூரில் கிடைத்துவிடாது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், டைமிங் பெல்ட், முன் விளக்கு ஆகிய ஐந்துக்கும் பாகக் கடையில் விலையும் இருப்பும் கேளுங்கள். இரண்டுக்கு "ஆர்டர் போட்டுத்தான் வரும்" என்றால் யோசியுங்கள். வண்டியைக் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்த தேதியையும், பசுமை வரி ரசீதையும் கேளுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட நிலையில், 2023 ஏப்ரலுக்கு முந்தைய பழைய வண்டிகளில் பெட்ரோல் ஹோஸ், சீல் முதலிய ரப்பர் பாகங்களில் கசிவு உண்டா என்று அடிக்கடி பார்ப்பது அவசியம். மைலேஜும் சற்றுக் குறையும்.

பேரேட்டில் ஒரு பக்கம்

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடைப் பேரேட்டில் காருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, மாற்றிய பாகம், தொகை. இவ்வளவு போதும். அடுத்த ஆயில் எப்போது, பிரேக் ஆயில் மாற்றி எத்தனை மாதம், பெல்ட்டுக்கு எத்தனை ஆண்டு என்பது ஒரு பார்வையில் தெரியும். ஒரே பாகம் ஆண்டுக்கு மூன்று முறை போனால், பாகம் மட்டமா, வேலை மட்டமா, நம் ஓட்டம்தான் மட்டமா என்று கேட்கத் தோன்றும். வண்டியை விற்கும்போதும் அந்தப் பக்கம் நல்ல விலை பெற்றுத் தரும்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கத் தவறுவதில்லை. தவறினால் அபராதம் என்பதால் நினைவில் வைத்திருக்கிறோம். காருக்கு அப்படி யாரும் வந்து கேட்கமாட்டார்கள். ஆனால் அதில் மனைவி மக்களை உட்கார வைத்து ஓட்டுகிறோம். ஆகவே மூட்டைகளைச் சரக்கு வண்டிக்கு விட்டுவிட்டு, குடும்பக் காரைக் குடும்பத்துக்கே வைத்துக்கொள்வோம்.